அழிவது பொய்யாகுமா?

ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் மியூசியத்தில், ரெம்பிராண்டின் மாபெரும் படங்களைத் தேடி வருகிறவர்கள் கவனியாமலே கடந்து போய்விடக்கூடிய சிறியதோர் ஓவியம் இருக்கிறது. உயரம் 25 சென்டிமீட்டர், அகலம் 20.5. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துச் சேர்த்து அதன்மேல் வைத்தால் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். கரிய பின்புலம், அதற்கு முன்னே ஒரு கல் திண்டின் விளிம்பு, அந்த விளிம்பின்மேல், கயிற்றால் கட்டிய ஒரு கட்டு அஸ்பராகஸ் தண்டு. அவ்வளவே. மேசைவிரிப்பு இல்லை, வெள்ளித் தட்டு இல்லை, கத்தி இல்லை, கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மனிதருடைய நிழல்கூட இல்லை. ஒரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் தண்டுகளின்மேல் விழுந்து, அவற்றின் வெண்மைக்குள் சிறிது தூரம் ஊடுருவி, அங்கேயே தங்கிவிட்டது போல் நிற்கிறது. ஓவியத்தின் ஆண்டு 1697. தீட்டியவர் ஆட்ரியான் கோர்ட்டே.

அஸ்பராகஸ் என்பது நம் வைத்தியர்கள் தண்ணீர்விட்டான் என்று சொல்லும் கொடியின் இனத்தைச் சேர்ந்த செடி. நாம் கிழங்குக்காகத் தோண்டுகிறோம். ஐரோப்பியர்கள் வசந்தத்தில் கிளம்பும் இளங்குருத்தை உண்கிறார்கள். ஹாலந்து தேசத்தார் செடியின்மேல் மணலை மேடு கட்டி, குருத்து வெயிலைக் காணாமல் மண்ணுக்குள்ளேயே நீளும்படி விட்டு, நுனி தலைகாட்டும் தருணத்தில் அடியோடு அறுத்தெடுப்பதால், அது பச்சை பிடிக்காமல் வெள்ளையாகவே இருக்கும். நுனியில் மட்டும் வெளிச்சம் தொட்ட அடையாளமாகச் சற்று ஊதா படர்ந்திருக்கும். ஜூன் 24ஆம் தேதி, யோவான் ஸ்நானகனின் திருநாளோடு அறுவடையை நிறுத்திவிடுவது அங்கே பழைய வழக்கம். அறுத்த ஓரிரு நாளில் தண்டு வற்றத் தொடங்கி, அடி நார் ஏறி, இனிப்பை இழந்துவிடும். ஆக, வருஷத்தில் சில வாரங்கள் மட்டுமே கிடைத்து, கிடைத்த பின் சில நாள் மட்டுமே நிற்கும் ஒரு காய்கறி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கல்லின்மேல் இருந்து வருகிறது. அதன் அச்சுப்படி ஒன்றை நெடுநாளாக என் மேசையின்மேல் வைத்துப் பார்த்து வந்ததில், ஓவியக் கலையைச் சேர்ந்த கேள்வியாக முதலில் தோன்றியது வரவரச் சமயத்தைச் சேர்ந்த கேள்வியாக மாறிவிட்டது. ஒரு பொருள் அழியக்கூடியது என்பதனால் அது பொய்ப்பொருள் ஆகிவிடுமா? அழியும் பொருளிலிருந்து மனத்தைத் திருப்பிக்கொள்ளுதலே ஞானம் என்று உலகத்துச் சமயங்கள் பலவும் ஏதாவதொரு வகையில் உபதேசித்திருக்க, அழியும் பொருளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த இந்த மனிதர் அஞ்ஞானியா, வேறொரு வகையில் சாதகரா?

அவருடைய வாழ்க்கையில் விடை தேடப் புகுந்தால் கையில் சிக்குவது மிகச் சொற்பம். ஸீலாந்து மாகாணத்தின் தலைநகரான மிடெல்பர்க்கைச் சார்ந்து தொழில் செய்தவர். கையொப்பமும் ஆண்டும் இட்ட ஓவியங்கள் 1683 முதல் 1707 வரை கிடைக்கின்றன. இடையில், ஓவியர் சங்கமாகிய புனித லூக்கா சங்கத்தில் அங்கத்தினராகாமலே படம் விற்றார் என்று அந்த ஊர்ச் சங்கம் அவருக்கு அபராதம் விதித்த செய்தி 1695-96ஆம் ஆண்டுக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. புகழ்ச்சியும் இல்லை, கடிதமும் இல்லை, சீடர் பரம்பரையும் இல்லை. கலைஞராக அவரைப் பற்றி அவர் ஊர் எழுதிவைத்தது ஓர் அபராதம். பிறகு இரண்டரை நூற்றாண்டு ஏறக்குறைய முழு மௌனம். டோர்ட்ரெக்ட் நகரத்து மியூசியத்தின் தலைவராயிருந்த லாரன்ஸ் போல் என்பவர் 1950களின் தொடக்கத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, 1958இல் கண்காட்சி நடத்தி, 1977இல் ஒரு நூலும் வெளியிட்டு, இந்த மனிதரை மீட்டுக் கொடுத்தார். 2008இல் ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹூயிஸ் மியூசியம் அவருக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. இன்று அறியப்பட்டவை 60க்கும் மேற்பட்ட ஓவியங்கள்; பெரும்பாலானவை கையகலம்; அவற்றுள் பல, காகிதத்தில் தீட்டிப் பின்னர்ப் பலகையில் ஒட்டப்பட்டவை.

அந்நாளில் இவ்வகை ஓவியத்துக்கு இருந்த மதிப்பையும் சொல்லவேண்டும். ரெம்பிராண்டின் மாணவராயிருந்த ஸாமுவேல் வான் ஹூக்ஸ்ட்ராட்டன் 1678இல் வெளியிட்ட ஓவிய சாஸ்திர நூலில், பழமும் பூவும் பாத்திரமும் தீட்டுகிறவர்களைக் கலை என்னும் சேனையின் சாதாரணக் காலாட்கள் என்று வகைப்படுத்திவிட்டார். அதற்குப் பத்தாண்டு முன்பே பாரிஸில் பெலிபியன் என்ற அறிஞர், சரித்திரமும் புராணமும் தீட்டுவோரை உச்சியில் வைத்து, அசையாப் பொருள் தீட்டுவோரை அடியில் வைத்திருந்தார். மனிதன் சிருஷ்டியின் சிகரம். ஆகவே மனிதனைத் தீட்டுகிறவனே ஓவியரில் சிகரம் என்பது அவர் நியாயம். நியாயம் என்னவோ ஒழுங்காகத்தான் இருக்கிறது. சிகரத்தை மட்டும் தீட்டினால் மலை நிற்குமா என்று யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

கோர்ட்டேயின் கல் திண்டு எத்தகைய மண்ணில் நின்றது என்பதை அறிந்தால்தான் நம் கேள்வியின் கூர்மை விளங்கும். 1566ஆம் ஆண்டின் கோடையில் தாழ்நாடுகளெங்கும் சீர்திருத்தச் சமயத்தார் கோவில்களுக்குள் புகுந்து விக்கிரகங்களை உடைத்தார்கள். பலிபீடத்து ஓவியங்களைக் கிழித்தார்கள். பின்னர் அவர்கள் கை ஓங்கிய மாகாணங்களில் கோவிற்சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. எழுத்தறியாதாருக்குப் புத்தகமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்ற சலுகையைக்கூட 1563இல் இயற்றப்பட்ட ஹைடல்பெர்க் வினாவிடை நூல் படங்களுக்குக் கொடுக்க மறுத்துவிட்டது. ஆனால் அதே சமயத்தாரின் மற்றொரு பிரமாண நூல், 1561இல் கீடோ தெ ப்ரே எழுதி, 1618-19இல் டோர்ட்ரெக்டில் கூடிய மகாசபை உறுதி செய்த பெல்ஜிய விசுவாச அறிக்கை, தன் இரண்டாம் பகுதியில் விசேஷமான ஒன்றைச் சொல்கிறது: கடவுளை அறிய வேதம் ஒரு வழி, பிரபஞ்சம் மற்றொரு வழி, பிரபஞ்சம் ஓர் அழகிய நூல், பெரிதும் சிறிதுமான படைப்புகள் எல்லாம் அதன் எழுத்துகள் என்பது அதன் கருத்து. கோவிலுக்குள்ளே படம் கூடாது; வெளியே உள்ள உலகமோ முழுவதும் எழுத்து. இந்த இரண்டையும் ஒரே வாயால் சொன்ன சமயத்தார் நடுவில் தூரிகை பிடித்த ஒருவன், கன்னி மரியாளைத் தீட்டும் வேலை கைவிட்டுப் போனபின், எந்த எழுத்தை எடுத்து வாசிப்பான்? கோர்ட்டே எந்த மதப்பிரிவினராயிருந்தார் என்பதை வைத்து நான் வாதிக்கவில்லை. அவர் சுவாசித்த காற்றில் இந்தச் சொற்கள் கலந்திருந்தன என்பதே போதும்.

இனி, அவருக்கு முந்திய தலைமுறை அந்த எழுத்தை எப்படி வாசித்தது என்று பார்ப்போம். ஹார்லெம் நகரத்தில் பீட்டர் கிளாஸும் வில்லெம் ஹெடாவும் சாம்பலும் பழுப்புமான மங்கிய நிறங்களில் ‘காலைச் சாப்பாடு’ என்னும் வகை ஓவியங்களைத் தீட்டினார்கள். பாதி உரித்த எலுமிச்சம்பழம், கவிழ்ந்த கண்ணாடிக் கோப்பை, உடைத்த ரொட்டி, பழைய அச்சுத் தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் கொட்டிய மிளகு, யாரோ உண்டு எழுந்து போன மேசை. அவற்றோடு ‘வானிடாஸ்’ என்று பெயர் பெற்ற மற்றொரு வகையும் வளர்ந்தது. கிளாஸ் 1630இல் தீட்டிய ஒன்று ஹேக் நகரத்தில் இருக்கிறது: மண்டையோடு, திறந்த கைக்கடிகைப் பொறி, அணைந்த விளக்கு, சாய்ந்து கிடக்கும் கோப்பை. படத்துக்குள்ளேயே ஒரு பிரசங்கி ஒளிந்து நின்று, “கல்வி என்ன, இன்பம் என்ன, காலம் என்ன, எல்லாம் இந்த எலும்புக்கு வருகிற வழி” என்று காதில் ஓதுவது போன்ற அமைப்பு. செல்வம் கொழித்த வியாபாரிகள் இத்தகைய படங்களை நல்ல விலை கொடுத்து வாங்கித் தங்கள் கூடத்தில் மாட்டினார்கள் என்பதை நினைக்கும்போது, நிலையாமையும் ஒரு சரக்காகிவிட்டதே என்று சிறிது சிரிக்கவும் தோன்றுகிறது.

இந்த வகையின் பெயர் விவிலியத்தில் உள்ள பிரசங்கியின் ஆகமத்திலிருந்து வந்தது. அங்கே ஓயாமல் திரும்பித் திரும்பி வரும் ஒரு சொல்லுக்கு இலத்தீன் மொழிபெயர்ப்பு ‘வானிடாஸ்’. வெறுமை, பயனின்மை என்று பொருள். 1637இல் வெளிவந்த டச்சு அரசாங்க விவிலியமும் வெறுமை என்ற பொருளுடைய சொல்லையே இட்டது. மூலமாகிய எபிரேய மொழியில் இருப்பதோ ‘ஹெவெல்’. அந்தச் சொல்லின் ஸ்தூலமான பொருள் மூச்சு. குளிர்காலத்தில் வாயிலிருந்து புறப்பட்டுக் கணத்தில் கரைந்துபோகும் ஆவி. இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் முனிவர் இதை அறியாதவரல்லர். கிரேக்கத்தில் பெயர்த்தவர்களுள் சிலர் ஆவி என்றே பெயர்த்திருந்ததைத் தம் உரையில் அவரே எடுத்துக் காட்டுகிறார். அறிந்தும் வெறுமை என்ற சொல்லையே கைக்கொண்டார். ஒரு சொல்லில் நேர்ந்த இந்தச் சிறு சாய்வு ஐரோப்பாவின் பக்தியை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். மூச்சு உண்மையானது, ஆனால் தங்காதது. வெறுமையோ முதலிலிருந்தே ஒன்றும் இல்லாதது. தங்காததை இல்லாதது என்று பெயர்த்துவிட்ட பின்பு, ஓவியனுக்கும் மண்டையோட்டை விட்டால் வேறு கதியில்லை.

தமிழில் நேர்ந்ததும் சுவாரஸ்யமானது. நம் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் ‘மாயை’ என்ற சொல்லை எடுத்து ஆண்டது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அடக்க ஆராதனைகளில் கேட்டு வரும் சொல் அது. கயிற்றில் பாம்பு தோன்றுவது போன்ற வெறுந்தோற்றம் என்று அதைக் கேட்கிற காதும் உண்டு. வேதாந்தம் பழகிய காது அது. ஆனால் மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்திகளின் பாஷையில் மாயை பொய்யன்று; தனு கரண புவன போகங்களெல்லாம் தோன்றுவதற்கு முதற்காரணமாய் நிற்கும் உள்பொருள்; குடத்துக்கு மண் எப்படியோ உலகத்துக்கு அது அப்படி. குடம் உடைந்து மண்ணாகும். உடைந்ததனால் குடம் இருந்ததே பொய் என்று எந்தக் குயவனும் சொல்லமாட்டான். மொழிபெயர்த்த பாதிரிமார் இந்த வழக்கையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் அந்தச் சொல்லை இட்டார்களா என்பது வேறு விஷயம். நம் முன்னோர் தனியே ஆக்கிவைத்த ‘நிலையாமை’ என்ற சொல்லோ இன்னும் நேரானது. நிலைக்காது என்று மட்டும் அது சொல்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. ‘ஹெவெல்’ என்னும் சொல்லின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தத் தகுந்தது அதுவே.

கோர்ட்டேயிடம் திரும்புவோம். அவரும் தொடக்கத்தில் மண்டையோடு தீட்டியவர்தாம். 1680களில் அவர் தீட்டிய வானிடாஸ் படங்கள், கற்ற பாடத்தை ஒப்புவிக்கும் மாணவனுடையவை போல இருக்கின்றன. அதற்கு முந்திய பறவைப் படமும் ஹொண்டகூட்டர் என்ற பெரிய ஓவியரின் நிழலில் நிற்பது. பிறகு அவர் மண்டையோட்டை எடுத்து அப்பால் வைத்துவிட்டார். கடிகையும் விளக்கும் போயின. மிஞ்சியது கல் திண்டும், இருட்டும், வெளிச்சமும், ஒரு கைப்பிடி கனியும். விற்பனைக்கு எளிதாயிருந்திருக்கலாம், சிறு படத்துக்கு வாடிக்கைக்காரர் அதிகமாயிருந்திருக்கலாம் என்று யாரேனும் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். கலைஞனுக்கும் அடுப்பு எரியவேண்டும். ஆனால் காரணம் எதுவாயினும், நிகழ்ந்தது ஒன்று உண்டு. பிரசங்கத்தை நீக்கிய பின் படத்தில் நிலையாமை குறைந்திருக்க வேண்டும், உண்மையில் மிகுந்திருக்கிறது. மண்டையோடு என்றோ நடந்து முடிந்த மரணம். அது இனி அழுகாது. அஸ்பராகஸ் கட்டோ நாளை மறுநாள் வாடப் போகிறது. பார்க்கிறவன் மனத்தில் எது அதிகமாகத் தைக்கும்?

ஹேக் நகரத்தில் உள்ள காட்டு ஸ்ட்ராபெரிப் படம் 1705இல் தீட்டியது, 16.5க்கு 14 சென்டிமீட்டர். வெறுங்கல்லின்மேல் குவித்த சிறு பழங்கள்; அவற்றினின்று மேலெழும் ஒரு காம்பில் வெள்ளைப் பூ. பழத்தின் மேற்பரப்பில் உள்ள விதைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் தனக்கென ஓர் ஒளித்துளியைப் பெற்றிருக்கிறது. கிளீவ்லாந்து மியூசியத்தில் உள்ள 1701ஆம் ஆண்டுக் கூஸ்பெரிப் படத்தில், அந்தக் காய்களின் தோல் கண்ணாடி போலாகி உள்நரம்பு தெரிகிறது. கூஸ்பெரியை நெல்லி என்று அகராதிகள் எழுதினாலும் அது நம் நெல்லியன்று. இதையெல்லாம் விட எனக்கு வியப்பாக இருப்பவை மெட்லர் என்னும் பழத்தை அவர் தீட்டியவை. மெட்லரைப் பறித்தவுடன் உண்ண முடியாது. கல் போலிருக்கும், நாக்கைத் துவர்த்து இழுக்கும். குளிர் தொடங்கும் காலத்தில் பறித்து, வைக்கோலில் பரப்பி, வாரக்கணக்கில் விட்டு, தோல் சுருங்கி உள்ளே பழுப்பாகிக் கூழாகி, மற்றப் பழமானால் அழுகிவிட்டது என்று எறியும் பதத்துக்கு வந்த பிறகே அதில் இனிப்பு ஏறுகிறது. கெடுவது எது, கனிவது எது என்று பிரிக்க முடியாத பழம். மூன்று மெட்லர்களையும் ஒரு வண்ணத்துப்பூச்சியையும் வைத்து அவர் தீட்டிய ஓவியத்தில், கேலிப் பொருளாக மட்டுமே கவிஞர்கள் கையாண்டு வந்த அந்த அவலட்சணமான பழம், மடத்துத் துறவிகள் மூவர் ஓரிடத்தில் அமர்ந்திருப்பது போன்ற அமைதியோடு உட்கார்ந்திருக்கிறது.

இப்படங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்புப்பொருள் உண்டு, வண்ணத்துப்பூச்சி ஆன்மா, ஸ்ட்ராபெரி சுவர்க்கத்து உணவு என்று அகராதி வைத்துப் படிக்கிற அறிஞர்கள் உண்டு. டச்சு ஓவியங்களில் நீதி மறைந்திருக்கிறது என்ற கொள்கையை எடி தெ யோங் என்பவர் 1960களிலும் 70களிலும் வலுவாக நிலைநாட்டினார். இல்லை, அவை உலகைக் கண்ணால் அறியும் முயற்சியே என்று ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் 1983இல் எழுதினார். வாதம் இன்னும் ஓயவில்லை. டச்சு மொழியில் இவ்வகை ஓவியத்துக்கு ‘ஸ்டில்லெவன்’ என்று பெயர், அசையாத ஜீவன். பிரெஞ்சுக்காரர் அதையே ‘செத்த இயற்கை’ என்று பெயரிட்டழைக்கிறார்கள். நாம் ஜடப்பொருள் ஓவியம் என்று எழுதிப் பழகிவிட்டோம். அதை மாற்றினால் நல்லது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த டச்சுச் சொல் வழக்குக்கு வந்தபோது, வீட்டுச் சாமான் ஜாபிதா எழுதிய குமாஸ்தாக்கள் தத்துவம் எதையும் நினைத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அசையாமையும் ஜீவனும் ஒரே பதத்தில் சேர்ந்து நிற்கும்போது, தியானத்தின் இலக்கணத்தையே சொல்லிவிட்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

இப்படங்களின் மௌனத்தைப் பற்றி ஓர் ஆட்சேபமும் உண்டு. அதை ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. மிடெல்பர்க் ஏழைத் துறவியின் ஊரன்று. 1602இல் அமைந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்தபடி பெரிய கிளை அங்கே இருந்தது. கோர்ட்டே 1690களில் கடற்சிப்பிகளையும் தீட்டினார். பாரிஸ் நகரத்து லூவ்ரில் அவற்றைக் காணலாம். கீழைக் கடல்களின் சிப்பிகளுக்கு அங்கே சீமான்கள் கொடுத்த விலை பெரிது. ரூமர் விஸ்ஸர் என்ற கவிஞர் 1614லேயே தம் சித்திர நீதிநூலில், சிப்பிக்குக் காசை இறைக்கும் முட்டாள்களைப் பரிகசித்திருக்கிறார். அதே காலத்தில் தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் இந்தக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன; நாகப்பட்டினம் 1658இலிருந்து அவர்கள் வசம். மூச்சை அடக்கிக் கடலில் இறங்கியவர்கள் யார், சிப்பியை வருடிப் பார்த்தவர்கள் யார் என்ற கேள்வியை அந்தக் கல் திண்டு எழுப்பவில்லை. பொருளை அதன் வரலாற்றிலிருந்து பிரித்தெடுத்து இருட்டின் நடுவே தனியாக வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அழகு நம் கண்ணைத் திறந்துகொண்டே மனச்சாட்சியைத் தூங்க வைத்துவிடக்கூடும். சிப்பிப் படங்களைப் பார்க்கையில் எனக்கு இந்த உறுத்தல் உண்டாகிறது. அஸ்பராகஸும் கூஸ்பெரியும் அந்த உறுத்தலைத் தருவதில்லை. அஸ்பராகஸ் அந்நாளில் மலிவான பண்டமன்றுதான். ஆனாலும் அது அந்த மண்ணிலேயே விளைந்தது. கோர்ட்டேயின் மகத்துவம் காய்கறித் தோட்டத்தில் இருக்கிறது. கப்பல் துறையில் இல்லை.

மற்றொரு ஆட்சேபம், விக்கிரகத்தை உடைத்தவர்கள் கேட்டிருக்கக்கூடியது: அழியும் பொருளைச் சாயத்தில் நிறுத்தி அழியாததுபோல் காட்டுவது அதைவிடப் பெரிய பொய்யல்லவா? நிறுத்தியிருந்தால் அப்படித்தான். ஆனால் சாயமும் நிலைப்பதில்லை. எண்ணெய்ச் சாயம் வயதாக வயதாக ஊடுருவித் தெரியும் தன்மையை அடைகிறது. ஓவியன் அழித்துத் திருத்திய பழைய கோடுகள் நூறு இருநூறு ஆண்டு கழித்து மெல்ல வெளியே வந்து நிற்பதுண்டு. அக்காலத்து டச்சு ஓவியங்கள் பலவற்றில் இலைகள் நீலமாக இருப்பதைப் பார்த்து விந்தை கொள்வோருண்டு. நீலத்தின்மேல் பூசிய தாவர மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறிப் போய், பச்சையில் பாதி மட்டும் மிஞ்சியதன் விளைவு அது. காய்கறி வாடுவது போலவே, தீட்டிய பொருளும் தன் கதியில் வாடிக்கொண்டுதான் இருக்கிறது. வேகம் மட்டும் வேறு. தண்டுக்கு இரண்டு நாள், சாயத்துக்குச் சில நூற்றாண்டு, கல்லுக்கு இன்னும் சற்று அதிகம். கோர்ட்டேயின் கல் திண்டுகளிலும் விளிம்பு மூளிப்பட்டும் விரிசல் விட்டும் இருப்பதைக் கவனித்தவர்கள் அறிவார்கள். அந்த விளிம்பில்தான், கல்லில் பொறித்தது போல, தம் பெயரையும் ஆண்டையும் அவர் எழுதுவது வழக்கம்.

‘ஹெவெல்’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவைத்தேன். ஆதியாகமத்தில் ஆதாமுக்குப் பிறந்த இரண்டாம் புதல்வனை நாம் ஆபேல் என்கிறோம். எபிரேயத்தில் அவன் பெயரும் இதுவே: ஹெவெல். மூச்சு என்று பெயரிடப்பட்டவன் மூச்சைப் போலவே வந்து போனான், ஒரு வார்த்தை பேசியதாகவும் நூலில் இல்லை, சந்ததியும் இல்லை. வெறுமை என்ற மொழிபெயர்ப்பு சரியானால் அவனை வெறுமை என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அந்தக் கதையில் கடவுள் அப்படிச் சொல்லவில்லை. அவன் எங்கே என்று அவனுடைய சகோதரனிடம் கேட்கிறார்; அவன் இரத்தத்தின் குரல் மண்ணிலிருந்து தமக்குக் கேட்கிறது என்கிறார். தங்காமல் போனவனைப் பற்றி, அவன் எங்கே என்று கேட்கப்படுகிறது. இருந்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. இப்படிக் கேட்க வல்ல ஒரு கண்ணுக்கு, மேசைமேல் வைத்து மறந்துபோன ஒரு கட்டுத் தண்டும் கணக்கில் வராமற் போகாது என்றுதான் நான் அந்தச் சிறு ஓவியத்தை வாசிக்கிறேன். கோர்ட்டே அதை நினைத்துத் தீட்டினாரா என்று கேட்டால், அவர் தூரிகை அத்தனை நேரம் அந்தக் கயிற்றின் புரியின்மேல் நின்றிருக்கிறது என்பதைத்தான் நான் காட்ட முடியும்.

பிரசங்கியின் நூலை வீட்டில் வைத்திருப்பவர்கள் ஒருமுறை அதை எடுத்து, மாயை என்று அச்சிட்டிருக்கும் இடத்திலெல்லாம் மூச்சு என்று வைத்துப் படித்துப் பாருங்கள். எபிரேய மூலத்தில் அந்தச் சொல் 38 முறை வருகிறது, நூல் சிறியது, ஒரு மாலைப்பொழுது போதும்.